பலகையில் ஓர் எழுத்து

1958ஆம் ஆண்டின் உலக மோட்டார் பந்தயப் பட்டத்தை மைக் ஹாதார்ன் 42 புள்ளிகள் பெற்று வென்றார். ஸ்டர்லிங் மாஸ் 41 புள்ளிகள் பெற்றுத் தோற்றார். இருவரும் ஆங்கிலேயர். ஹாதார்ன் ஓட்டியது இத்தாலியப் பெராரி. மாஸ் அவ்வாண்டு பெரும்பாலும் ஓட்டியது ஆங்கிலேய வான்வால். ஆண்டு முழுவதிலும் மாஸ் நான்கு பந்தயங்களில் முதலாவதாக வந்தார். ஹாதார்ன் ஒன்றே ஒன்றில். இது எப்படி என்று கேட்டால், விவரமறிந்த நண்பர்கள் உடனே ஒரு கதை சொல்வார்கள்: மாஸ் தம் போட்டியாளருக்காகச் சாட்சி சொல்லிப் பட்டத்தையே தியாகம் செய்துவிட்டாராம். கேட்க இனிமையான கதைதான். ஆனால் அந்தத் ‘தியாகம்’ என்னும் சொல் எனக்கு உடன்பாடில்லை.

நடந்தது இது. ஆகஸ்டு 24ஆம் நாள், போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரில் பந்தயம். தனியாக அமைத்த ஓடுதளம் அன்று அது. நகரத் தெருக்களே பாதை. கல் பாவிய சாலை, டிராம் தண்டவாளம், ஓரத்தில் விளக்குக் கம்பங்கள். ஓட்டுபவர் ஒருவர் மட்டுமே அமரக்கூடிய அந்தச் சிறு வண்டிகள் அதன்மீதுதான் பறந்தன. தொடக்கத்தில் முன்னே சென்ற ஹாதார்னை மாஸ் விரைவிலேயே முந்திவிட்டார். பெராரியின் பழைய முறை பிரேக்குகள் சூடேறித் தளர்ந்தன; வான்வாலின் டிஸ்க் பிரேக்குகள் தாங்கின. முடிவில் மாஸுக்கும் இரண்டாவதாக வந்த ஹாதார்னுக்கும் இடையே ஐந்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி. பந்தயத்தைப் பொறுத்தவரை இதில் பேச ஒன்றுமில்லை.

பேச இருப்பது ஒரு புள்ளியைப் பற்றி. அக்காலத்தில் முதலிடத்துக்கு 8, இரண்டாம் இடத்துக்கு 6 என்று புள்ளி கொடுத்ததோடு, ஒரு சுற்றை யாவரினும் விரைவாகச் சுற்றியவருக்குத் தனியே ஒரு புள்ளியும் கொடுத்தார்கள். ஹாதார்ன் அந்த விரைவுச் சுற்றை எடுத்துவிட்டார். வான்வால் ஆட்கள் அதைப் பலகையில் சுருக்கி எழுதி மாஸுக்குக் காட்டினார்கள்: ஹாதார்னின் பெயரில் பாதி, பக்கத்தில் ‘ரெக்கார்டு’ என்பதன் முதல் மூன்று ஆங்கில எழுத்துகள். கடைசி எழுத்தாகிய ‘சி’யை மாஸ் ‘ஜி’ என்று படித்தார். ‘ஹாதார்ன் ரெகுலர்’, அதாவது வழக்கம்போல் வந்துகொண்டிருக்கிறார், என்று பொருள் கொண்டு நிம்மதியாக ஓட்டினார். அத்தனை நேரம் கையிலிருந்தும் அந்தப் புள்ளியைத் திரும்பப் பறிக்க முயலவே இல்லை.

கடைசிச் சுற்றில் ஹாதார்னின் வண்டி வழுக்கிச் சுழன்று, எஞ்சின் நின்றுவிட்டது. மேட்டில் தள்ளிக் கிளப்ப முடியாமல், இறக்கத்தில், பந்தயம் செல்லும் திசைக்கு எதிராக வண்டியை உருட்டிக் கிளப்பினார். எதிர்த்திசையில் ஓட்டினார் என்று நடுவர்கள் அவரைத் தள்ளிவைத்தார்கள். வெற்றிபெற்று மெதுவாகச் சுற்றி வந்துகொண்டிருந்த மாஸ் அதைக் கண்ணால் கண்டவர். அவரே நடுவர்களிடம் சென்று, ஹாதார்ன் வண்டியை உருட்டியது பாதையில் அன்று, ஓர நடைபாதையில் என்று சொன்னார். தண்டனை நீங்கியது. ஹாதார்னுக்கு 7 புள்ளிகள் திரும்பக் கிடைத்தன.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஓர் ஓட்டுநரின் சிறந்த ஆறு பந்தயங்களை மட்டுமே அவ்வாண்டு கணக்கில் கொண்டார்கள். போர்ட்டோவை நீக்கிவிட்டால் ஹாதார்னுக்கு 39, பட்டம் மாஸுக்கு. ஆகவே சாட்சியால் பட்டம் போயிற்று என்பது உண்மையே. ஆனால் சாட்சி சொன்ன பிறகும், விரைவுச் சுற்றின் ஒரு புள்ளி மட்டும் கை மாறியிருந்தால்? மாஸுக்கு 42, ஹாதார்னுக்கு 41. பட்டம் அப்போதும் மாஸுக்கே!

இந்த இரண்டாவது கணக்கை ஏன் யாரும் சொல்வதில்லை? பலகையில் எழுத்தைத் தவறாகப் படித்த கதையில் பெருமை இல்லை, அதனால்தான். கண்டதைக் கண்டபடி சொன்னவரைத் தியாகி ஆக்கினால் நமக்கு ஒரு வசதி உண்டு. தியாகம் பெரியோர் செய்வது. நாம் செய்யாவிட்டால் குற்றமில்லை. உண்மை சொல்வது அப்படிப்பட்டதா? நம் விடுதிகளுக்கிடையே கைப்பந்துப் போட்டி நடக்கிறது. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததை அருகில் நின்றவன் பார்க்கிறான். நடுவர் வெளியே என்கிறார். புள்ளி நம் பக்கம் வருகிறது. அவன் வாய் திறப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும் அதே மாணவன் மாஸின் தியாகத்தை மெச்சிப் பேசுவான். மாஸ் கொடுத்தது தம்முடையது எதுவும் அன்று. ஹாதார்ன் நடைபாதையில் இருந்தார் என்றால் அந்த 7 புள்ளிகள் ஹாதார்னுடையவை. எடுக்காமல் இருந்ததை ஈகை என்பதா?

பட்டம் முடிவானது அக்டோபர் 19ஆம் நாள், மொராக்கோவின் காசாபிளாங்காவில். மாஸ் முதலிடத்தையும் விரைவுச் சுற்றையும் சேர்த்தே எடுத்தார். இம்முறை எதையும் விடவில்லை. ஆனால் ஹாதார்ன் மூன்றாவதாகவோ அதற்கும் பின்னாலோ வந்தால்தான் பட்டம். பெராரியின் இன்னொரு ஓட்டுநர் பில் ஹில், தம் இரண்டாம் இடத்தை விட்டு ஹாதார்னை முன்னே போகவிட்டார். தியாகம் என்ற சொல் வேண்டுமென்றால் அதை இங்கே பயன்படுத்தலாம். இதையோ யாரும் பாடுவதில்லை! அதே பந்தயத்தில் வான்வாலின் ஸ்டூவர்ட் லூயிஸ்-ஈவன்ஸ் தீக்காயமுற்று ஆறு நாளில் இறந்தார். ஹாதார்ன் பட்டத்தோடு ஓய்வு பெற்று, 1959 ஜனவரி 22இல் சாதாரணச் சாலை விபத்தொன்றில் மாண்டார். மாஸ் 2020 வரை வாழ்ந்தார். உலகப் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை.