இறந்த மகன் என்னும் பயணச்சீட்டு

மூதின்முல்லைத் துறைப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு நாக்குக் கூசும். மகனைப் போருக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்து நிற்கும் தாயைப் பற்றி இருபது ஆண்டுகளாகப் பாடம் எடுக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "அந்தம்மா அப்புறம் எங்க போனாங்க மேம்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. துறை சொல்வோம், திணை சொல்வோம், மறக்குடிப் பெருமை சொல்வோம். பாட்டு முடிந்த பிறகு அவள் எங்கே போனாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கே போனார்கள் என்று பதிவுள்ள தாய்மார்களும் உண்டு. 1930 முதல் 1933 வரை அமெரிக்க அரசு தன் செலவில் 6,693 பெண்களை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. முதல் உலகப் போரில் மாண்டு, அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்ட படைவீரர்களின் தாய்மாரும் மனைவியரும் அவர்கள். போருக்குப் போன மகனுக்காக வீட்டு ஜன்னலில் தொங்கும் கொடியில் நீல நட்சத்திரம் இருக்கும். அவன் இறந்தால் அது பொன்னிறமாகும். அதனால் தங்க நட்சத்திரத் தாய்மார் என்று பெயர். இதற்கான சட்டம் 1929 மார்ச் 2 அன்று கையெழுத்தானது. ரயில், கப்பல், தங்குமிடம், சாப்பாடு, செவிலியர் எல்லாம் போர்த்துறையின் பொறுப்பு.

போனவர்களில் பெரும்பாலோர் அறுபதை ஒட்டிய பெண்கள். சொந்த மாநிலத்தைத் தாண்டியறியாதவர்கள் பலர். பாரிஸில் அவர்களுக்கு நோத்ர தாம் தேவாலயம், வெர்சாய் அரண்மனை, நெப்போலியன் சமாதி எல்லாம் காட்டினார்கள். வெற்றி வளைவின் கீழ், பெயர் தெரியாத வீரனின் சமாதியில் மலர்வளையம் வைக்கச் செய்தார்கள். பிறகு பேருந்தில் ஏற்றிக் கல்லறைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போனார்கள்.

நல்ல காரியம்தானே என்பீர்கள். மகனின் பெயர் வெட்டிய கல்லைத் தொட்டு அழ ஒரு தாய்க்குக் கிடைத்த நாளை நான் குறை சொல்லவில்லை. அந்த நாளை யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்கு மறுத்தார்கள் என்பதுதான் என் வழக்கு.

மனைவியருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மறுமணம் செய்துகொண்டவளுக்கு இடமில்லை. இருபது வயதில் கணவனை இழந்தவள் இன்னொருவனோடு வாழத் தொடங்கிவிட்டால், முதல் கணவனின் கல்லறையைப் பார்க்கும் தகுதியை இழந்துவிடுகிறாள். விதவையாக நீடித்தால்தான் அவள் துக்கம் செல்லும். இதைப் படிக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கைம்மை நோன்பைப் பல அரசுகள் பல மொழிகளில் எழுதிவைத்திருக்கின்றன.

அடுத்தது கறுப்பினத் தாய்மார். அவர்களுக்கும் சட்டம் இடம் கொடுத்தது, ஆனால் தனியாக. வெள்ளைத் தாய்மார் சொகுசுக் கப்பல்களில் போனார்கள். கறுப்புத் தாய்மாருக்குச் சரக்கும் சேர்த்து ஏற்றும் கப்பல்கள். நியூயார்க்கில் வெள்ளையர் ஹோட்டல்களில் தங்க, இவர்கள் ஹார்லமில் உள்ள இளம்பெண்கள் கிறித்தவச் சங்க விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். தத்தம் இனத்தாரோடு இருந்தால்தான் துக்கத்தில் ஆறுதல் கிடைக்கும் என்று போர்த்துறை விளக்கம் சொன்னது. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், அவரும் எல்லோருடைய வசதிக்காகத்தான் வைத்ததாகச் சொல்வார்.

இதில் வயிறெரியும் செய்தி ஒன்று உண்டு. பிரான்ஸில் ரொமாய்ன் ஊரருகே உள்ள மியூஸ்-ஆர்கோன் கல்லறைத் தோட்டம், ஐரோப்பாவில் உள்ள அமெரிக்கக் கல்லறைத் தோட்டங்களில் மிகப் பெரியது; 14,246 கல்லறைகள். 1919இல் போர்க்களங்களில் சிதறிக் கிடந்த உடல்களைத் தோண்டியெடுத்து அங்கே கொண்டுவந்து புதைக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் கறுப்பினப் படைவீரர்கள். வெள்ளைத் தாய் மண்டியிட்ட குழியைக் கறுப்புத் தாயின் மகன் வெட்டியிருக்கக்கூடும். அந்தத் தோட்டத்தில் இனம் பார்த்து வரிசை பிரிக்கவில்லை. மகன்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். தாய்மார் ஒரே கப்பலில் போகக் கூடாது.

உயிரோடு திரும்பிய மகன்களை அதே அரசு எப்படி நடத்தியது? தருவதாகச் சொன்ன போனஸ் தொகையைப் பஞ்ச காலத்தில் முன்கூட்டியே கேட்டு, மனைவி மக்களோடு வாஷிங்டனில் குடிசை போட்டு உட்கார்ந்த முன்னாள் வீரர்களை 1932 ஜூலை 28 அன்று ராணுவத்தை ஏவி, கண்ணீர்ப்புகை வீசி விரட்டியது. இறந்தவனின் தாய்க்குக் கப்பல் டிக்கெட்; இருப்பவனின் மனைவிக்குக் கண்ணீர்ப்புகை. இறந்தவன் கூலி கேட்க மாட்டான். அவன் தாயைக் கும்பிட்டுக் காட்டுவது அரசுக்கு மலிவு.

பெண் தன் விருப்பத்துக்காக நாலு ஊர் பார்க்கப் போனால் அவளை ஊர்சுற்றி என்கிறோம். இறந்த மகன் பெயரைச் சொல்லிப் போனால் புனிதப் பயணம். வெர்சாயைப் பார்க்க அந்தப் பெண்கள் கொடுத்த விலை ஒரு மகன். ஒரு பெண் அரண்மனையைப் பார்க்க ஆசைப்பட்டாள் என்பது எந்தச் சட்டத்துக்கும் போதுமான காரணமாக இருந்ததில்லை.

"அந்தக் காலம் அப்படி" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அந்தக் காலத்திலேயே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் பயணத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. கறுப்பினத் தாய்மார் குடியரசுத் தலைவர் ஹூவருக்கு மனு எழுதினார்கள். அரசு அசையவில்லை. சிலர், பிரித்து அழைத்துப் போவதானால் வரவே மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். போனவர்களை நான் பழிக்க மாட்டேன். மகனின் கல்லறை பெரிது. ஆனால் அந்த ஒரே வாய்ப்பைக் கையில் வாங்கிப் பார்த்து, 'இப்படியானால் வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்தவர்களின் வலியை நினைத்துப் பாருங்கள்.

இந்த ஆண்டு மூதின்முல்லை நடத்தும்போது அவர்களைப் பற்றியும் சொல்லப் போகிறேன். மகனைக் கொடுத்ததற்காக அல்ல, அவமானத்தோடு வந்த மரியாதையை வாங்க மறுத்ததற்காக அவர்களை மூதில் மகளிர் என்பேன். பாடத்திட்டத்தில் இல்லையே என்று துறைத்தலைவர் கேட்டால், மாணவி கேட்டாள், பதில் சொன்னேன் என்பேன்.