கீழ்த்தட்டு டம்ளர்கள்



போன வாரம் ஓசூர் சிப்காட் பக்கம் தெரிந்த வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அம்மா அடுப்படியில் நின்றார். இரண்டு வயதாகப் போகிற மகள், கீழ்த்தட்டிலிருந்து மூன்று எவர்சில்வர் டம்ளர்களை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சின்னதை நடு டம்ளருக்குள் போட்டாள். இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பெரியதற்குள் இறக்கினாள். உடனே கவிழ்த்துக் கொட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

சத்தம் பொறுக்காமல் பாட்டி செல்போனில் பாட்டு போட்டுக் கொடுத்தார். வீடு அமைதியானது. டம்ளர்கள் தரையில் கிடந்தன.

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகலில் தூங்கினால்தான் ராத்திரி ஃபேக்டரி லைனில் நிற்க முடியும் என்ற வீடு அது. ஆனால் அந்த டம்ளர்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

1972-இல் பாட்ரீஷியா கிரீன்ஃபீல்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒன்றுக்குள் ஒன்று போகும் கிண்ணங்களைக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார். சின்னஞ்சிறுசுகள் இரண்டு கிண்ணத்தோடு நின்றுவிடும். கொஞ்சம் வளர்ந்தவை பெரிய கிண்ணத்துக்குள் ஒவ்வொன்றாகப் போடும். இன்னும் வளர்ந்தால், இரண்டை ஜோடி சேர்த்து, அந்த ஜோடியை அப்படியே தூக்கி மூன்றாவதில் வைக்கும். இந்தக் கடைசி வழிக்கு அவர் சொன்ன பெயர், சப்-அசெம்ப்ளி! நம் ஊரில் எத்தனை வீட்டில் தினமும் புழங்கும் ஃபேக்டரிச் சொல் அது?

மனிதக் குழந்தைக்கு மட்டும் உரிய வேலையா இது? ஜப்பானின் இனுயாமாவில், கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் 2000-ஆம் ஆண்டு அயுமு, கிளியோ, பால் என்று மூன்று சிம்பன்சிக் குட்டிகள் பிறந்தன. தாயோடு வளர்ந்த இவற்றை மிசாடோ ஹயாஷியும் டெட்சுரோ மட்சுசாவாவும் கவனித்தார்கள். ஒரு பொருளை இன்னொன்றுக்குள் போடுவது ஒரு வயதுக்குள்ளேயே தொடங்கிவிட்டது. கட்டைமேல் கட்டை அடுக்குவதுதான் தாமதம். நம் குழந்தைகள் ஒரு வயது தாண்டியதும் செய்வதை, அவற்றில் முந்திக்கொண்ட பால்கூட இரண்டரை வயதுக்குப் பிறகுதான் செய்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவை மேற்கு ஆப்பிரிக்காவில், கினி நாட்டின் போசு காட்டுச் சிம்பன்சிகள்தான். எண்ணெய்ப் பனைக் கொட்டையை ஒரு கல்மேல் வைத்து, இன்னொரு கல்லால் உடைத்துப் பருப்பைத் தின்கின்றன. அடிக்கல் ஆடினால் அடியில் சின்னக் கல்லைச் செருகி மட்டம் செய்ததையும் மட்சுசாவா பதிவு செய்திருக்கிறார். ஆடுகிற மேசைக்கு நாம் அட்டை மடித்து முட்டுக் கொடுக்கிறோமே, அதே வேலைதான்.

கொட்டை, இரண்டு கல் என்று மூன்றையும் சேர்த்து உடைக்கக் குட்டிக்கு மூன்று முதல் ஐந்து வயது ஆகிவிடும். அதுவரை கல்லை உருட்டும், கொட்டையைக் கையால் அடிக்கும், தாய் உடைத்த பருப்பை எடுத்துத் தின்னும். தாய் கையைப் பிடித்துச் சொல்லித் தருவதில்லை. விரட்டுவதும் இல்லை. தன் வேலையைச் செய்துகொண்டே, பக்கத்தில் இருக்க விடுகிறது. சின்ன வயதில் இது கைவராத குட்டிகள் வளர்ந்த பிறகும் கற்பதில்லை.

பட்டறையில் தொழில் பழகியவர்களுக்கு இது புரியும். முதல் சில மாதம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, மேஸ்திரியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தானே நாம்?

அதனால் ஒரு வேண்டுகோள். அடுப்படியின் கீழ்த்தட்டு ஒன்றைக் குழந்தைக்கு விட்டுக்கொடுங்கள். நாலு டம்ளர், இரண்டு மூடி, மரக்கரண்டி, காலி பிளாஸ்டிக் டப்பா போதும். பொம்மைக்கடைக்குப் போகவே வேண்டாம். குழந்தை அடுக்கட்டும், அடுக்கியது சரியட்டும். "இப்படி வை" என்று கையை நீட்டாமல் நீங்கள் வெங்காயம் நறுக்குங்கள். தூங்குகிறவர் இருந்தால் தரையில் பழைய போர்வையை விரித்துவிடுங்கள், சத்தம் குறையும்.

வாய்க்குள் போகிற அளவுள்ள காசு, பொத்தான் எதுவும் அந்தத் தட்டில் வேண்டாம். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கும் வட்ட பட்டன் பேட்டரியை முழுங்கிவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்