"ஹாரி-ஹாரி சாப்பிட்டேன் மிஸ்ஸி!" - குற்றவாளி யார்?

என் பெரியம்மா 31 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். கைவிரல் முட்டிகள் எல்லாம் வீங்கி, கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் போனபோது அரசாங்க மருத்துவமனையில் சேர்த்தோம். முடக்குவாதம் என்றார்கள். நான்கு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது தாதி ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்து மலாயில் ஏதோ சொன்னார். "ஃபஹாம், மக்சிக்?" என்று கேட்டார். "ஃபஹாம், மிஸ்ஸி" என்று பெரியம்மா தலையாட்டினார். அவ்வளவுதான் விளக்கம்.

பைக்குள் இருந்த மருந்துகளில் ஒன்றின் பெயர் மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு நல்ல மருந்துதான். ஆனால் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாய் புண்ணாகும், இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறையும், உயிரே போகலாம். உலகத்தின் பல நாடுகளில் இப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு இது தெரியாத செய்தி அல்ல.

பைமேல் "செமிங்கு செகாலி" என்று அச்சடித்திருந்தது. வாரம் ஒரு முறை! மற்ற மருந்துகளில் "செஹாரி செகாலி", நாளுக்கு ஒரு முறை. பெரியம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். சந்தைக்குப் போய் மலாயில் பேரம் பேசத் தெரியும். அச்செழுத்து படிக்கத் தெரியாது. ஒன்பது நாள், நாளுக்கு நான்கு மாத்திரை, ஒருவேளைகூடத் தவறாமல் சாப்பிட்டார். பத்தாம் நாள் வாயெல்லாம் வெந்து, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே இருந்த தாதி, "மக்சிக், இந்த மருந்தைத் தினமும் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். "ஹாரி-ஹாரி சாப்பிட்டேன் மிஸ்ஸி!" என்றார் பெரியம்மா. அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. சொன்னதைத் தட்டாமல் செய்த பெருமை.

மாற்று மருந்து ஏற்றிக் காப்பாற்றினார்கள். அதற்கு நன்றி. ஆனால் நோயாளிக் குறிப்பில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "நோயாளி அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை."

படித்தபோது எனக்கு இரத்தம் கொதித்தது. எந்த அறிவுறுத்தல்? எந்த மொழியில்?

தாதிப் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் கற்கும் பாடம் ஐந்து "சரி"கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். வார்டில் மருந்து தள்ளுவண்டியோடு வரும்போது பெயரைக் கேட்டு, கைப்பட்டையைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கொடுப்பார்கள். அந்தக் கவனமெல்லாம் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்த பிறகு அளவையும் நேரத்தையும் காப்பாற்ற வேண்டியவர் அந்த நோயாளிதான். அவருக்குப் புரியாத மொழியில் சொல்லிவிட்டு, ஐந்தும் சரி என்று எப்படிக் குறியிட முடியும்?

அனைத்துலகத் தாதியர் மன்றத்தின் நெறிமுறை, நோயாளிக்குப் போதுமான, சரியான தகவலை அவருடைய பண்பாட்டுக்கு ஏற்றபடி தர வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் தாதியர் வாரியம் இருக்கிறது. விதிகளுக்கா பஞ்சம்?

நீதிமன்றமும் பேசியிருக்கிறது. ஃபூ ஃபியோ நா என்ற பெண்மணி 1982-இல் ஒரு கார் விபத்துக்குப் பின் கழுத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, உடல் செயலிழந்து போனார். ஆபத்தை எனக்குச் சொல்லவில்லை என்று வழக்குப் போட்டார். 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நோயாளிக்கு எந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்கள் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ள முடியாது, அதை நீதிமன்றம் பார்க்கும் என்றது. 2017-இலும் ஆலோசனை சொல்லும் கடமையைப் பொறுத்தவரை அதே நிலையைத்தான் கூட்டரசு நீதிமன்றம் எடுத்தது. அந்த வழக்கு மருத்துவரைப் பற்றியது, தாதியைப் பற்றியது அல்ல என்று சிலர் சொல்லலாம். சரி. ஆனால் புரியாத மொழியில் சொன்ன ஆபத்து, சொன்னதாகுமா? இந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லட்டும்.

தாதியரைத் திட்டுவது என் நோக்கம் அல்ல. ஒரு வார்டில் எத்தனை படுக்கைக்கு எத்தனை பேர் என்று நாமும் பார்க்கிறோம். ஓடி ஓடிக் கால் வீங்கிப் போகிற பெண்கள் அவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்தச் சீருடையில் இருக்கிறார்கள். நான் கேட்பது மேலே உட்கார்ந்திருப்பவர்களை.

தேசிய மொழி என்பார்கள். மலாயை யார் எடுக்கச் சொன்னது? மலாய் இருக்கட்டும், பக்கத்தில் தமிழும் சீனமும் இருக்கட்டும். டெங்கிக் கொசுவைப் பற்றித் தமிழில் நோட்டீஸ் அச்சடிக்கத் தெரிந்த அமைச்சுக்கு, "வாரம் ஒரு முறை மட்டும்" என்று நான்கு சொல்லைத் தமிழில் அச்சடிக்க முடியாதா? ஒரு ரப்பர் முத்திரை போதுமே! எழுதப் படிக்கவே தெரியாதவர்களுக்குச் சூரியன், நிலா படம் போட்டுக் கொடுக்கலாமே!

அந்தக் காலத்துத் தோட்ட டிரஸ்ஸரை நினைத்துப் பார்க்கிறேன். மனிதர் எரிந்து விழுவார். எல்லா வியாதிக்கும் ஒரே தண்ணி மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பார் என்று கேலி செய்வோம். 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய ஒரு சட்டமே வந்தது. எங்கள் டிரஸ்ஸர் திட்டினாலும் தமிழில் திட்டினார். எப்போது சாப்பிட வேண்டும் என்பது பாட்டிக்கும் புரிந்தது. தோட்டம் போனது, டிரஸ்ஸரும் போனார். அந்த இடத்தில் என்ன வைத்தார்கள்? பேரப்பிள்ளையை! பத்து வயதுப் பையன் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, பாட்டியின் கர்ப்பப்பை நோயைத் தாதிக்கும் பாட்டிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறான். பாட்டி வெட்கத்தில் பாதியை மறைக்கிறாள். பையனுக்குப் பாதி புரியவில்லை. மருந்து மட்டும் முழுதாக வருகிறது.

இன்னொன்று. ரமலான் மாதத்தில் நோன்பு நோற்கும் நீரிழிவு நோயாளிக்கு மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக் கொடுக்க வழிகாட்டி வைத்திருக்கிறார்கள். மிக நல்ல காரியம், பாராட்ட வேண்டும். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து, ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறவரிடம் அப்படி யாராவது கேட்டிருக்கிறார்களா? 2019 தேசிய ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். இன்சுலினையோ கிளிக்லாசைட் மாத்திரையையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார். காவடியோடு படியில் விழுந்தால் சாமி வந்துவிட்டது என்று கற்பூரம் காட்டுவோம்!

மாத்திரைக் கூட்டின் ஜெலட்டினும் அப்படித்தான். அது பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. மருந்தின் பெட்டியில் விலங்கு மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. ஆனால் நம் கைக்குப் பெட்டியா வருகிறது? வேறு வடிவம் இருக்கிறதா என்று கேட்டால் முறைக்கிறார்கள். மருந்தை வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. அதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்வதுதான் தாதியின் வேலை.

நம் பக்கமும் குறை இருக்கிறது. புரியாவிட்டாலும் தலையாட்டுகிறோம். கேட்டால் திட்டுவார்கள் என்ற பயம், தோட்டத்திலிருந்து நம்மோடு வந்த பயம். நாட்டு மருந்து சாப்பிடுவதை மறைக்கிறோம். பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையைக் கடன் வாங்குகிறோம்.

இனி "தீடாக் ஃபஹாம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்த தாதியையோ மருந்தாளரையோ கூப்பிடச் சொல்லுங்கள். பையை அங்கேயே பிரித்து, எந்த மாத்திரை, எத்தனை, எப்போது, எத்தனை நாள் என்று கேட்டு, நீங்கள் புரிந்துகொண்டதை அவர்களிடமே திருப்பிச் சொல்லுங்கள். பேனாவை எடுத்துப் பைமேல் தமிழில் எழுதுங்கள். விரதம் இருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லுங்கள்.

தவறு நடந்துவிட்டால் அந்தப் பையைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் சாட்சி. தேதி போட்டு மருத்துவமனை இயக்குநருக்கு எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று போனால், அரசாங்கத்துக்கு எதிராக 36 மாதத்துக்குள் தொடுக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் சட்டம் அது. அழுது முடித்துப் பிறகு பார்க்கலாம் என்று இருந்து, காலம் கடந்து வழக்கறிஞர் வாசலில் நிற்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பெரியம்மாவின் குறிப்பில் உள்ள அந்த ஒரு வரியை நீக்கச் சொல்லி நாங்கள் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. மூன்றாவது கடிதத்தை இந்த வாரம் அனுப்புகிறோம். இந்த முறை பெரியம்மாவும் கையெழுத்துப் போடுகிறார், தமிழில்.