நிலம் இணைந்தால் போதுமா?

சமுதாயச் சகோதரனே, சற்றுச் சிந்தித்துப் பார்!

1861இல் இத்தாலி ஒரே நாடாக அறிவிக்கப்பட்டது. மக்கள் இணைந்தார்களா? பொதுமொழி எனப்பட்ட இத்தாலியத்தைப் பேசியோர் மிகச் சிலரே. தெற்கே வரியும் கட்டாய ராணுவச் சேவையும் கலகத்தை மூட்டின. அரசு படையை அனுப்பியது. வடக்கு, தெற்கு என்ற பிளவு இன்றும் ஆறவில்லை.

நம் நாடும் 1947இல் விடுதலை பெற்று, 500க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை இணைத்தது. பிறகு? 1965 ஜனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்றார்கள். மறுநாளே நம் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியானார். அந்த ரத்தம் ஒற்றுமையை வளர்த்ததா? இல்லை! 1967இல் சட்டத்தைத் திருத்தி, ஆங்கிலமும் தொடரும் என்று உறுதி தந்தார்கள். நாட்டைக் காத்தது அந்த உறுதிதான், துப்பாக்கி அல்ல.

வியாபாரியே, உனக்குத் தெரியாததா? பெயர்ப்பலகையில் இருவர் பெயர் இருந்தால் மட்டும் கூட்டு வியாபாரம் நிலைக்காது. கணக்கில் நேர்மை வேண்டும். நாடும் அப்படித்தான்.

இளைஞனே! தேசபக்தியை நிரூபி என்று எவரேனும் கேட்டால் ஆத்திரப்படாதே. ஒற்றுமை கட்டளையால் வராது, நீதியால்தான் வரும் என்று எடுத்துச் சொல். அந்த நீதியை உன் கடையிலும் தெருவிலும் நீயே முதலில் காட்டு!