பிராயச்சித்தமும் சிகிச்சையும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட, சபை உறுப்பினரைக் குடத்திலிட்ட ஓலைகளால் தேர்ந்தெடுக்கும் குடவோலைச் சாசனங்களை நாம் பெருமையோடு எடுத்துச் சொல்கிறோம். ஆனால், சபைக்கு ஆகாதவர் யார் என்று அச்சாசனங்கள் விரிவாகப் பேசுவதையும், மதுபானம் முதலிய மகாபாதகங்களைச் செய்தோரை விலக்கியதோடு நில்லாமல், பிராயச்சித்தம் செய்து சுத்தியடைந்தவர்களுள்ளும் சில வகையினருக்கு ஆயுள் முடியும் வரை குடவோலையில் பெயர் எழுதலாகாது என்று விதித்ததையும் அவ்வளவாக நினைப்பதில்லை. சாசனத்தின் காலம் போயிற்று. அந்த மனோபாவம் போகவில்லை.

அபினுக்கோ, ஹெராயினுக்கோ, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கோ அடிமையானவனை மருந்து கொடுத்து மீட்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், தேநீர்க் கடைப் பெஞ்சிலும் படித்தவர் கூட்டத்திலும் எழும் பதில் ஒன்றே: “ஒரு போதையை விடச் சொல்லி இன்னொரு போதையைக் கொடுப்பதா? மனவுறுதி இருந்தால் தானாக விட்டுவிடுவான்.” ஆகவே அவனுக்குக் கோயிலில் கயிறு கட்டுகிறார்கள், மாலை போடுவிக்கிறார்கள், பணமிருந்தால் எங்கேனும் ஒரு மையத்தில் சில மாதம் அடைத்து வைக்கிறார்கள். பக்தியை நான் பழிக்கவில்லை. நோயைப் பாபமாகவும் சிகிச்சையைத் தண்டனையாகவும் மாற்றிவிடும் அபிப்பிராயத்தையே கண்டிக்கிறேன்.

அபின் வகைப் பொருள்களுக்குப் பழகிய சரீரத்திலிருந்து அவற்றைத் திடீரென்று நீக்கினால், கை கால் குடைச்சலும், வாந்தி பேதியும், உறக்கமற்ற இரவுகளும் வருகின்றன. அவற்றைப் பல்லைக் கடித்துத் தாண்டியவனும் பிழைத்தவன் ஆகிவிடுவதில்லை. ஏனெனில், விலகியிருந்த நாள்களில் சரீரத்தின் தாங்கு சக்தி குறைந்துவிடுகிறது, ஆசையோ குறைவதில்லை. வீடு திரும்பியவன் பழைய அளவையே ஒருநாள் மறுபடி எடுத்துக்கொள்ளும்போது மூச்சு அடங்கிப் போகிறான். மனவுறுதியைச் சோதித்த ஊர், அவன் பிணத்தைப் பார்த்து, “திருந்தாத ஜென்மம்” என்கிறது.

புப்ரெனார்ஃபின் என்னும் மாத்திரை இவ்விடத்தில் செய்யும் காரியம் வேறு. நாவின் கீழ்க் கரையும் அது, மூளையில் அபின் வகைப் பொருள்கள் சென்று அமரும் அதே பீடங்களில் இறுக அமர்ந்துகொண்டு, அவற்றை அரைகுறையாகவே தூண்டுகிறது. அதனால் வேதனை தணிகிறது, வேட்கை அடங்குகிறது, ஓரளவுக்கு மேல் எவ்வளவு உட்கொண்டாலும் மயக்கம் அதற்கேற்ப ஏறுவதில்லை. சரியான அளவில் அதை உட்கொள்பவன் கிறங்கிக் கிடப்பதில்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போகிறான்.

எதிர்த்தரப்பாருக்கு ஒரு வலுவான வாதம் உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. 1990-களில் சென்னையிலேயே இம்மருந்தின் ஊசி வடிவத்தைப் போதைக்காக ஏற்றிக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஆயின் அது, கடையில் அளவின்றி வாங்கிய மருந்தின் தோஷம். மருத்துவர் அளவிட்டு, தொடக்கத்தில் ஊழியர் கண்முன்னே நாவின் கீழ் வைக்கச் செய்யும் முறை அதற்கு நேர்விரோதமானது. அன்றியும், அபின் வகைப் பொருள்களின் வேலையைத் தடுக்கும் நலோக்ஸோன் கலந்த மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால், கிறக்கத்துக்குப் பதில் வேதனையே கிளம்பக்கூடும். கத்தி திருடன் கையிலும் இருந்தது என்பதற்காக வைத்தியரின் கத்தியைப் பிடுங்குவாருண்டோ?

பிரான்ஸ் தேசம் 1995 முதல் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே இம்மருந்தை எழுதித்தர அனுமதித்தது. நான்கே ஆண்டுகளில் அங்கே மிகையளவால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதனையும், இதே சிகிச்சைக்குப் பயன்படும் மெதடோனையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் பஞ்சாபில் 2017 அக்டோபரில் மோகா, தரன் தாரன், அமிர்தசரஸ் மாவட்டங்களில் தொடங்கிய புறநோயாளிச் சிகிச்சையகங்கள், பின்னர் மாநிலமெங்கும் பரவின. 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, அபின் வகைப் பழக்கத்துக்கு உதவி வேண்டுவோர் இந்தியாவில் ஏறத்தாழ 77 லட்சம் பேர் என்று கணித்தது. இத்தனை பேரையும் கயிற்றால் கட்டிக் காப்பாற்ற இயலுமா?

தொடர்ந்து உட்கொள்ள வேண்டிய மருந்து அருகில் கிடைத்தாலன்றிப் பயன் தராது. உத்திரமேரூர் வட்டத்துக் கூலியாள் ஒருவர் காஞ்சிபுரத்துக்கோ செங்கற்பட்டுக்கோ ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தினமும் போய் வந்தால், போதையோடு கூலியையும் சேர்த்தே விட வேண்டியதுதான். 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. ஆயுள் முழுதும் அம்மாத்திரையை விழுங்குபவரை யாரும் மாத்திரைக்கு அடிமை என்று இகழ்வதில்லை. அந்த நியாயத்தைப் போதைக்கு அடிமையானவனுக்கும் நீட்டி, இச்சிகிச்சையைத் தாலுகா மருத்துவமனைதோறும் அமைக்கக் கேட்பது மிகையாகாது. ஆலோசனையும் வேலையும் குடும்பத்தின் ஆதரவும் கூடவே வேண்டும். ஆனால் அவற்றைப் பெறுவதற்கு முதலில் அவன் உயிரோடிருக்க வேண்டும். சட்டமும் அவனுக்குப் பகையன்று: தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவருக்கு, சிறு அளவுக் குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது, 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு. வழி அறியாதவர்கள் 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் விசாரிக்கலாம்.

அந்த உத்திரமேரூர்ச் சாசனங்களில் இன்னொரு விதியும் உண்டு: வாரியம் என்னும் குழுவில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு ஆகார். மருந்து வேண்டாம், மனவுறுதி போதும் என்று தீர்ப்புச் சொல்லி வந்த நாமெல்லோரும், அத்தீர்ப்பால் போன உயிர்களுக்கு எங்கே கணக்குக் காட்டினோம்?