பழைய பைக்குக்குப் புது மெருகு: முலாம் பூச்சை வீட்டிலேயே செய்யலாமா?

அப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100. கம்பெனி இந்த மாடலை நிறுத்தியே 1996-ல். ஷெட்டில் கிடந்த அந்த வண்டியை எடுத்து, சனி, ஞாயிறுகளில் ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்து மீட்டெடுப்பது இன்று பல இளைஞர்களின் பொழுதுபோக்கு. இன்ஜின் வேலைக்கு மெக்கானிக் கிடைத்துவிடுகிறார். பெயின்ட் அடிக்கவும் ஆள் உண்டு. மாட்டிக்கொள்வது எங்கே என்றால், துருப்பிடித்த போல்ட், நட்டு, வாஷர், ஸ்பிரிங் என்று ஒரு டப்பா நிறையச் சேரும் சில்லறைச் சாமான்களில்தான்.

பிளேட்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனால், “இந்தப் பத்து போல்ட்டுக்காகத் தொட்டி ஓட்ட முடியாது தம்பி, மொத்தமா கொண்டாங்க” என்று பதில் வருகிறது. யூடியூபைத் திறந்தாலோ, ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் வினிகரும் பழைய சார்ஜரும் போதும் என்கிறார்கள். ‘நாமளே செஞ்சா என்ன?’ என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது.

ஆசையில் தப்பில்லை. ஆனால் எந்த உலோகம், எந்தப் பாகம், மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஸ்விட்சைப் போடக் கூடாது.

என்னதான் நடக்கிறது?

உலோக உப்பு கலந்த கரைசலில், பூச வேண்டிய பாகத்தை மின்சாரத்தின் எதிர்முனையிலும், பூசப்போகும் உலோகத் தகட்டை நேர்முனையிலும் இணைக்கிறார்கள். தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பாகத்தின் மேல் படிகிறது. அவ்வளவுதான். எவ்வளவு படியும் என்பதற்கு மைக்கேல் ஃபாரடே 1830-களிலேயே கணக்குச் சொல்லிவிட்டார். ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 1.22 கிராம் துத்தநாகம் படியும். 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அது சுமார் 17 மைக்ரான் கனம். சாதாரண போல்ட்டுக்கு இதில் பாதி இருந்தாலே போதும்.

ஜிங்க் ஓகே, ஆனால்...

துத்தநாகம், அதாவது பட்டறைப் பேச்சில் ஜிங்க், வீட்டில் முயன்று பார்க்கக்கூடியதுதான். துத்தநாகத் தகடு, வினிகர், எப்சம் உப்பு, கரன்ட்டைக் குறைத்து வைக்கும் வசதியுள்ள ஒரு டிசி பவர் சப்ளை போதும். உண்மையான உழைப்பு தேய்ப்பதில் இருக்கிறது. துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் போகாத இடத்தில் முலாம் ஒட்டாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் பக்கத்தில் நெருப்பு கூடாது. சமையலறை வேண்டாம், காற்றோட்டமான மொட்டை மாடி நல்லது. கரைசலில் சாப்பாட்டு உப்பை அள்ளிப் போடுவதும் ஆபத்து. நச்சு வாயுவான குளோரின் கிளம்பக்கூடும்.

பட்டறையில் ஜிங்க் பூசியதும் ‘பாசிவேஷன்’ என்று இன்னொரு கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். போல்ட்டில் தெரியும் மஞ்சள், நீல மினுமினுப்பு அதனால் வருவது. வீட்டுப் பூச்சில் அந்தக் கவசம் இல்லை. ஈரம் பட்டால் வெள்ளைத் துரு சீக்கிரமே எட்டிப் பார்க்கும்.

இன்னொரு விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. தலையில் 10.9, 12.9 என்று எண் பொறித்த உயர்வலு போல்ட்டுகளில் ஆசிட்டும் பிளேட்டிங்கும் சேர்ந்து ஹைட்ரஜனை உள்ளே ஏற்றிவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும். ஓடும்போது சொல்லாமல் கொள்ளாமல் முறியும். நல்ல பட்டறைகள் இத்தகைய பாகங்களைப் பூசிய கையோடு சுமார் 200 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் சுட்டெடுப்பது இதற்காகத்தான். பிரேக், சக்கரம், சஸ்பென்ஷன் போல்ட்டுகளில் வீட்டுச் சோதனை வேண்டவே வேண்டாம். புதுசு வாங்கிப் போடுவதே புத்திசாலித்தனம்.

குரோம் பக்கம் போகவே கூடாது

சைலன்சரின் கண்ணாடிப் பளபளப்புக்குப் பெரும் காரணம் குரோம் அல்ல. அடியில் இருக்கும் நிக்கலும் அதற்கு முந்தைய பாலிஷும்தான். மேலே உள்ள குரோம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அந்த மெல்லிய படலத்துக்காகப் பட்டறைத் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் ஆசிட் கலக்கிறார்கள். செலுத்தும் மின்சாரத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழிகளை உண்டாக்கவே போகிறது. குமிழி வெடிக்கும்போது ஆசிட் பனிபோலக் காற்றில் பரவுகிறது. அதில் இருப்பது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைச் சேர்த்திருக்கிறது. மொட்டை மாடியும் துணி மாஸ்க்கும் இதற்குக் காவல் ஆகாது.

துரு எடுக்கும் வீடியோக்களில் சிலர் எவர்சில்வர் கரண்டியை நேர்முனையில் மாட்டுவதைப் பார்க்கலாம். எவர்சில்வரிலும் குரோமியம் இருக்கிறது. அது கரைந்தால் இதே நஞ்சு டப்பாவுக்குள் உருவாகலாம்.

மிச்சத் தண்ணீர் யார் தலையில்?

செலவுக் கணக்கு போடுகிறவர்கள் மறப்பது கழிவைத்தான். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்தும் அங்கே நிலத்தடி நீரில் குரோமியம். ஒரு டப்பாவையும் ஓர் ஆலையையும் ஒப்பிட முடியாதுதான். ஆனால் உலோகம் மக்கிப் போகாது. சாக்கடையில் ஊற்றியது எங்கோ ஒரு கிணற்றைத் தேடிப் போகும். எலக்ட்ரோபிளேட்டிங் தொழிலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் ‘சிவப்பு’ வகையில் வைத்திருப்பதும், அதன் கழிவு 2016-ம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருவதும் சும்மா இல்லை.

அதற்காகப் பட்டறைக்காரர் எல்லாம் யோக்கியர் என்று அர்த்தமில்லை. பக்கத்துப் பட்டறையைவிட ரொம்பக் குறைந்த ரேட் சொன்னால், கழிவைச் சுத்திகரிக்கும் செலவு அதில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வாரிய அனுமதி உண்டா, உயர்வலு போல்ட்டைச் சுட்டுத் தருவார்களா என்பதையும் கேட்கலாம். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் கொடுக்கலாம்.

‘மொத்தமா கொண்டாங்க’ என்பதற்கும் வழி இருக்கிறது. பழைய வண்டி வைத்திருக்கும் நான்கு நண்பர்கள் சேர்ந்தால் நான்கு டப்பா சாமான். பட்டறைக்காரர் கேட்ட ‘மொத்தம்’ அதுதான். கற்றுக்கொள்ளும் ஆசைக்கு நாலு வாஷரில் ஜிங்க் பூசிப் பார்க்கலாம். கரைசலை மூடி, பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து மறுபடி பயன்படுத்தலாம். குரோமும் பிரேக் போல்ட்டும் அந்த டப்பாவுக்கு வெளியே இருக்கட்டும்.