கணனி போட்ட கடன்



அரசாங்க முத்திரையோடு வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. "நீங்கள் பெற்ற உதவிப்பணம் அதிகம். இத்தனை டொலரைத் திருப்பிக் கட்டுங்கள்" என்கிறது. கணக்குப் பார்த்தவர் உத்தியோகத்தர் அல்லர், கணனி! அவுஸ்திரேலியாவில் 2015இல் ஆரம்பித்த திட்டமொன்றினால் இலட்சக்கணக்கானோருக்கு இந்தக் கதி நேர்ந்தது. 'ரோபோடெட்', அதாவது இயந்திரக் கடன் என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

பிழை எங்கே? ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு பெண் ஆறு மாதம் வேலை செய்து 26,000 டொலர் சம்பாதிக்கிறாள். அடுத்த ஆறு மாதம் வேலையில்லை, உதவிப்பணம் பெறுகிறாள். அங்கே உதவிப்பணம் இரு வாரத்துக்கு ஒரு முறை கணக்கிடப்படும். கணனியோ முழு வருட வருமானத்தை 26ஆல் வகுத்தது. வேலையற்றிருந்த நாட்களிலும் அவள் இரு வாரத்துக்கு 1,000 டொலர் உழைத்ததாகக் காட்டியது! "இல்லை" என நிரூபிக்கும் பொறுப்பும் அவள் தலையிலேயே விழுந்தது. பல வருடங்களுக்கு முந்திய சம்பளச் சீட்டுக்கு அவள் எங்கே போவாள்?

2019 நவம்பரில் சமஷ்டி நீதிமன்றத்தில் இத்தகைய கடனொன்று சட்டப்படி செல்லாது என்றாகியது. 2020இல் சுமார் 721 மில்லியன் டொலரைத் திருப்பித் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. ஆனால் போன உயிர் திரும்புமா? கடன் கடிதம் வந்தபின் தம்முயிரை மாய்த்துக்கொண்ட இளைஞர்களின் தாய்மார் விசாரணை ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தார்கள்.

2023இல் அவ்வாணைக்குழு கூறிய பரிந்துரைகளில் மூன்றைக் கவனியுங்கள். தீர்மானிப்பது கணனி என்பதையும், அது எப்படி இயங்குகிறது என்பதையும் எளிய மொழியில் மக்களுக்குச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் மறுபரிசீலனை கோரத் தெளிவான வழி இருக்க வேண்டும். கணக்கின் விதிகளை வெளியார் நிபுணர் பரிசோதிக்க இடமளிக்க வேண்டும்.

நமது நாட்டிலும் 2022இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கணனி மட்டுமே எடுத்த, பாரதூரமான பாதிப்பைத் தரும் தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமை எழுதப்பட்டது.

ஆகவே சகோதரிகளே, "கணனியில் அப்படித்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். எந்தத் தகவலை வைத்து முடிவு செய்தார்கள், காரணம் என்ன, யாரிடம் மேன்முறையீடு செய்யலாம் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், விண்ணப்பத்தின் பிரதி ஆகியவற்றை ஒரே கோவையில் போட்டு வையுங்கள்.